முடி உதிர்வு 'கிட்' வாங்கும் முன்…

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "முடி கொட்டுது, என்ன வாங்கலாம்?" என்று யாராவது கேட்டு வராத நாளே இல்லை.

போன வாரம் மில் வேலைக்குப் போகும் ஒரு பெண் வந்தார். சீப்பில் வந்த முடியைச் சுருட்டி, பாலிதீன் கவரில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார். செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். எண்ணெய், ஷாம்பு, மாத்திரை சேர்ந்த மூன்று மாத கிட், ஐயாயிரத்துச் சொச்சம். சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கப்போகிறாராம். "சமீபத்துல காய்ச்சல் ஏதும் வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். மூன்று மாதத்துக்கு முன் டெங்குவில் ஆஸ்பத்திரியில் இருந்ததாகச் சொன்னார்.

கடுமையான காய்ச்சலோ பிரசவமோ வந்து போனால், முடி வேர்கள் பலவும் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அந்த முடி உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொத்துக் கொத்தாக வரும். அதனால்தான் காய்ச்சலையும் முடியையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் உதிர்வு தானாகவே அடங்கிவிடும். இடையில் கிட் வாங்கியிருந்தால் நல்ல பெயர் கிட்டுக்குப் போய்ச் சேரும். வாங்கியவர் நாலு பேருக்குச் சிபாரிசும் செய்வார், மனதாரத்தான் செய்வார். அவர் பேச்சை நம்பி அடுத்தவர் பணம் கட்டுவார்.

இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்துவிடச் சொல்லி அந்தப் பெண்ணை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

பரம்பரை வழுக்கை வேறு விஷயம். அதற்கு மினாக்சிடில் லோஷன் பலன் தருவது ஆய்வுகளில் தெரிந்ததுதான். ஆனால் நாலு மாதமாவது விடாமல் தடவ வேண்டும். ஆரம்பத்தில் கூடுதலாகவே கொட்டலாம். நிறுத்தினால், அதனால் வந்த முடி சில மாதங்களில் போய்விடும். ஒரு பாட்டில் விலையை வைத்து முடிவு செய்யாமல், வருடக்கணக்கில் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வட்ட வட்டமாகக் கொட்டினால் கடைக்கே வர வேண்டாம், நேரே தோல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்கக் கூடாத நோய்களின் பட்டியல் அது. வழுக்கையும் புது முடி வளர்ப்பதும் அதில் இருக்கின்றன. அப்படியிருந்தும் '90 நாளில் அடர்த்தியான கூந்தல்' என்று நாளிதழ்களிலேயே கால் பக்க விளம்பரம் வருகிறது. செல்போனில் வருவதைச் சந்தேகப்படுபவர்கள்கூட பேப்பரில் வந்தால் நம்புகிறார்கள். இத்தகைய விளம்பரங்களை வாங்கும்போது விளம்பரப் பிரிவினர் அந்த அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியிடச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திண்டுக்கல்.