சிங்கப்பூர் தேக்கா மருதாணிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். தீபாவளி நெருங்குகிறது. கேம்பல் லேன் பக்கம் மறுபடியும் கூட்டம் அலைமோதும், நீங்களும் கோனும் கையுமாக உட்கார்ந்துவிடுவீர்கள். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: கருப்பு மருதாணியை விட்டுவிடுங்கள். எந்தக் கோனாக இருந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெட்டியைக் காட்டுங்கள்.

போன தீபாவளிக்கு என் அக்கா மகள் ஒரு கடையில் கை நீட்டினாள். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். அரை மணி நேரத்தில் கருகருவென்று பிடித்துவிட்டது, அவளுக்கு ஒரே சந்தோஷம். ஒரு வாரம் போவதற்குள் அரிப்பு. அப்புறம் மாங்காயும் கொடியும் வரைந்த கோட்டின் மேலேயே, கோடு பிசகாமல், நீர்க்கொப்புளங்கள். உயர்நிலை இரண்டில் படிக்கிற பிள்ளை. பள்ளிச் சீருடையோ அரைக்கை. மறைக்க வழியில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தொற்றுநோய் என்று நினைத்து எழுந்து போனாராம். புண் ஆறியும் மாங்காய் போகவில்லை, வெளுத்த தழும்பாக நிற்கிறது.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. மருதாணி இலை ஆரஞ்சு நிறத்தில் தொடங்கி, ஓரிரு நாளில் கரும்பழுப்பாகும். அதற்கே கோன் மணிக்கணக்கில் கையில் காய வேண்டும். அரை மணியில் கருப்பு வருகிறதென்றால் பெரும்பாலும் பிபிடி எனப்படும் பாராபினைலின்டையமின் கலந்திருக்கும். முடிச்சாயத்தில் குறிப்பிட்ட அளவுக்குள் சேர்க்கலாம், தோலில் பூச அனுமதியில்லை. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. இனி முடிக்குச் சாயம் பூசினால் முகமே வீங்கலாம் என்று பலதுறை மருந்தகத்தில் எச்சரித்து அனுப்பினார்கள். பதினான்கு வயதில் அவளுக்கு எதற்கு நரைமுடிக் கவலை?

கேட்டால் "நேச்சுரல்தான்மா, ஹெர்பல்" என்கிறீர்கள். ஹெர்பல் என்று அச்சடிக்கக் காசா பணமா? சிவப்பழகு க்ரீம்களும் அப்படித்தான் வருகின்றன. அவற்றில் பாதரசம் கண்டுபிடித்து சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்தது ஒருமுறை இரண்டு முறையா? இங்கே அழகுப் பொருளை விற்பனைக்கு விடுமுன் ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும், ஒவ்வொன்றையும் சோதித்து அனுமதி தருவதில்லை. ஆகவே மாட்டிக்கொள்ளும்வரை எல்லாமே மூலிகைதான். நாமும் கருப்பாகக் கை வேண்டும், வெள்ளையாக முகம் வேண்டும் என்று வரிசையில் நிற்கிறோம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். உங்கள் பிழைப்பில் மண் போடுவது என் நோக்கமில்லை. உங்கள் கைவேலையை ரசித்து வருபவர்கள்தான் நாங்கள். சேர்பொருள், தயாரித்த நாடு, தொகுதி எண் எல்லாம் சட்டப்படி லேபிளில் இருக்க வேண்டியவை. அந்தப் பெட்டியை மேசைமேல் வையுங்கள். பெட்டியே இல்லாத கோனை வாங்காதீர்கள். யாராவது கருப்புத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி