காஞ்சிபுரத்துக்கு இன்னொரு தண்டவாளம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாம்பரம் – செங்கல்பட்டு நான்காவது பாதைக்கு 757 கோடி ரூபாயில் ஒப்புதல் கிடைத்த செய்தி 2025இல் வந்தபோது எங்கள் மகளிர் பெட்டியில் அன்று முழுக்க அதே பேச்சு. மூன்றாவது பாதை போட்டு சில வருடம்தான் ஆகிறது, அதற்குள் நான்காவது. சந்தோஷம். ஆனால் நான் ஏறுவது காஞ்சிபுரத்தில். செங்கல்பட்டிலிருந்து வாலாஜாபாத், காஞ்சிபுரம், தக்கோலம் வழியாக அரக்கோணம் போகும் எங்கள் பாதை இன்னும் ஒற்றைத் தண்டவாளம். நாலு வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டு, கடைசியில் ஒரே மடையைத் திறந்து வைத்தால் கடைமடைக்காரன் கதி என்ன ஆகும்?

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் 16 வருடமாக வேலை செய்கிறேன். கணவர் தறி நெய்கிறார். விடிகாலையில் அவர் தறியில் பாவு நூலைத் தட்டிச் சரிசெய்யும்போதே நான் டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுவேன். வண்டி காஞ்சிபுரத்தில் சரியாகத்தான் எடுப்பார்கள். பழையசீவரம் தாண்டிப் பாலூர் வந்தால் நின்றுவிடும். கிராசிங். எதிரே ஒரு கூட்ஸ் வர வேண்டும். பூ கட்டும் அக்கா ஒரு முழத்தை முடித்து அடுத்த முழத்துக்கு நாரை எடுப்பார். நான் பெட்டிகளை எண்ணுவேன். ஒருநாள் 58 வரை எண்ணியிருக்கிறேன். கூட்ஸ் போன பிறகும் சிக்னல் விழ ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் ரத்தக் கொதிப்பு ஏறும். ஆபீஸில் கைரேகை மெஷின் இருக்கிறது. மூன்று நாள் தாமதமானால் அரை நாள் சம்பளம் போச்சு. பாலூரில் கூட்ஸ் வந்ததென்று அந்த மெஷினிடம் சொல்ல முடியுமா?

கூட்ஸைத் திட்டுவதிலும் நியாயம் இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் கார்கள் வாலாஜாபாத்தில்தான் ரயில் ஏறுகின்றன. அரக்கோணம் பக்கத்திலிருந்து தெற்கே போகும் சரக்கும் சென்னைக்குள் நுழையாமல் இந்த வழியாகத்தான் சுற்றிப் போகிறது. ரயில்வேக்குக் காசு தருவது அந்தப் பெட்டிகள், நாங்கள் அல்ல. அதனால்தான் ரயில்வேயைக் கேட்கிறேன்: இவ்வளவு சரக்கு ஓடும் பாதைக்கு இரண்டாவது தண்டவாளம் போட எங்களைப் போன்ற சீசன் டிக்கெட்காரர்களின் தலையை ஏன் எண்ணுகிறீர்கள்?

எண்ணினாலும் கணக்கு தப்பாகத்தான் வரும். சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு நேராகப் போகும் வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சாயங்காலம் செங்கல்பட்டில் ஒன்றை விட்டால் அடுத்த வண்டிக்குப் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டும். அதற்குப் பயந்தே என் தெருவில் பாதிப்பேர் பஸ்ஸுக்கும் கம்பெனி வேனுக்கும் போய்விட்டார்கள். வண்டி இல்லாததால் ஆள் வருவதில்லை. ஆள் இல்லை என்று வண்டி விடுவதில்லை.

அரக்கோணம் – செங்கல்பட்டு இரட்டைப் பாதை என்று ஆய்வு, மதிப்பீடு, அறிக்கை எல்லாம் பேப்பரில் பல வருடமாகப் படித்தாயிற்று. பட்ஜெட்டில் பெயர் வருவது வேறு, பணம் வருவது வேறு. தமிழகத்தின் புதிய பாதைகள் பலவற்றுக்குச் சில பட்ஜெட்களில் தலா 1,000 ரூபாய் ஒதுக்கினார்களே, நினைவிருக்கிறதா? அந்தக் காசுக்கு எங்கள் வீட்டுத் தறிக்கு ஒரு மார்க் (ஜரிகையை நிறுக்கும் அளவு) ஜரிகைகூட வராது.

மும்பையில் புறநகர் ரயிலுக்கென்றே 1999இல் தனி நிறுவனம் தொடங்கி, ரயில்வேயும் மகாராஷ்டிர அரசும் செலவைப் பாதிப் பாதி பகிர்கின்றன. பெங்களூரில் 148 கி.மீ. புறநகர் ரயிலுக்கு 15,767 கோடி. மத்திய அரசு 20 சதவீதம், மாநிலம் 20 சதவீதம், மீதி கடன். அவ்வளவு தூரம் போவானேன், நம் பறக்கும் ரயில் மயிலாப்பூரிலிருந்து வேளச்சேரிக்கு நீண்டபோது செலவில் மூன்றில் இரண்டு பங்கைத் தமிழக அரசுதான் போட்டது. சென்னைக்குள் போட்ட கை காஞ்சிபுரத்துக்கு ஏன் நீளவில்லை? தினமும் சென்னைக்கு உழைக்கத்தானே போகிறோம். முழுப் பாதைக்கும் ஒரே மூச்சில் பணம் இல்லையென்றால் செங்கல்பட்டு – காஞ்சிபுரம் 36 கி.மீ.யை முதலில் எடுங்கள். மத்தியும் மாநிலமும் பங்கு எவ்வளவு என்பதை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதற்கு இன்னொரு ஆய்வு தேவையில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலையில் ரயில் கட்டணத்தை ஏற்றியபோதும் புறநகர் டிக்கெட்டையும் சீசனையும் தொடவில்லை. எங்கள் பெட்டியில் எல்லோரும் கைதட்டினார்கள், நான் தட்டவில்லை. இரண்டாவது தண்டவாளத்துக்கென்று தனியாக எழுதி வைத்து வாங்கினால் சீசனுக்கு மாதம் 50 ரூபாய் கூடக் கொடுக்க நான் தயார். இதைச் சொன்னதற்குப் பூ கட்டும் அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பாலூரில் வண்டி 25 நிமிடம் நின்றது. "சரி, கொடுத்துத் தொலைப்போம்" என்றார்.

இப்படிக்கு,
ஒரு சீசன் டிக்கெட் பயணி,
காஞ்சிபுரம்.