வெண்புள்ளிக்கு விளக்கு: அடுத்தவர் நிமிடக் கணக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் வாரம் மூன்று முறை மருத்துவமனைக்கு அலைய முடியாமல், கையில் பிடித்துக் காட்டும் புற ஊதா விளக்கை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. முறையாகச் செய்தால் தப்பில்லை. தோல் மருத்துவர்களே எழுதித் தருவதும் உண்டு. ஆனால் "எனக்கு ரெண்டு நிமிஷம் ஒத்துக்கிச்சு, நீங்களும் அதையே வையுங்க" என்ற யோசனையைக் கேட்டு நடந்தால் தோல் வெந்துபோகும்.

தோலில் விழும் ஆற்றல்தான் இங்கே மருந்தின் அளவு. வெண்புள்ளிக்கு வழக்கமாகச் சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லிஜூலில் தொடங்குவார்கள். விளக்கின் வீச்சு, அதாவது தோலில் விநாடிக்கு விழும் ஆற்றல், சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிவாட் என்றால், 200-ஐ 4-ஆல் வகுத்து 50 விநாடி. வீச்சு 10 மில்லிவாட் என்றால் 20 விநாடியோடு சரி. இந்த வீச்சும், அதை எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தார்கள் என்பதும் கையேட்டில் இருக்க வேண்டும். விளக்கின் முகப்பில் சீப்புப் பல் போல ஒரு பிளாஸ்டிக் வருகிறதே, அது முடியை விலக்க மட்டுமல்ல, அந்தத் தூரத்தைக் காக்கவும்தான். அதைக் கழற்றிவிட்டுத் தோலோடு ஒட்டிப் பிடித்தால் கணக்கு முழுக்கப் பிசகிவிடும்.

குழாயைப் பார்த்து வாங்குவது அதைவிட முக்கியம். சிகிச்சைக்கு உரியது 311 நானோமீட்டரை ஒட்டிய 'நேரோபேண்ட் யுவிபி', அதாவது புற ஊதாவின் (யுவி) 'பி' வகையில் ஒரு குறுகிய பட்டை. பிலிப்ஸ் குழாய்களில் '9 வாட்' என்பதற்குப் பின்னால் '01' என்று இருக்கும். '12' என்றால் அது பிராட்பேண்ட், அகன்ற பட்டை யுவிபி. அதே விநாடிக்குப் பல மடங்கு வேகமாகச் சுடும். '10' என்றால் யுவிஏ, அதாவது அலைநீளம் கூடிய 'ஏ' வகைப் புற ஊதா. கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் குழாயும் அதே இரண்டு முள் சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும் என்பதுதான் வம்பு. அதன் கண்ணாடியில் வெள்ளைப் பூச்சு இருக்காது, உள்ளே தெளிவாகத் தெரியும். அப்படி ஒரு குழாய் வந்தால் மாட்டவே வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

குழாய் பழசாக ஆக வீச்சு குறையும். பலன் மந்தமாகிறதே என்று விநாடியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பிறகு புதுக் குழாய் மாட்டிய அன்றும் அதே விநாடி! தீக்காயத்துக்கு இது ஒரு நிச்சயமான வழி. குழாய் மாற்றியதும் யுவி மீட்டர் வைத்திருக்கும் சிகிச்சைப் பிரிவில் அளந்து வாங்கிக்கொண்டு நேரத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். நோயாளி தன் விளக்கைக் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் அளந்து கொடுப்பது நம் பிரிவுகளுக்கும் அழகு.

வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒருபோதும் அடுத்தடுத்த நாளில் கூடாது. யுவிபி சூட்டின் சிவப்பு 8 முதல் 24 மணி நேரத்தில்தான் முழுதாகத் தெரியும். சாயங்காலம் வைத்துவிட்டு ராத்திரியே பார்த்து முடிவு செய்யக் கூடாது. வெள்ளைத் திட்டு லேசாக இளஞ்சிவப்பாகி ஒரு நாளைக்குள் மறைந்தால் அதுதான் சரியான அளவு, அங்கேயே நில்லுங்கள். சிவக்கவே இல்லை என்றால் அடுத்த முறை 10 முதல் 20 சதவீதம் கூட்டலாம். சிவப்பு ஒரு நாளைத் தாண்டினால் அது அடங்கும்வரை நிறுத்தி, முன்பு ஒத்துக்கொண்ட அளவுக்கு இறங்க வேண்டும். வலியோ கொப்புளமோ வந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். இடையில் ஒரு வாரம் விட்டுப்போனால் பழைய அளவையே வைக்கலாம். இரண்டு வாரம் என்றால் கால் பங்கு குறையுங்கள். மூன்று வாரம் என்றால் பாதி. அதற்கும் மேல் என்றால் முதலிலிருந்து. சொரியாசிஸுக்கு அளவு வேறு, அதை மருத்துவர் சொல்வார். மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால், தொட்டுப் பார்த்து சூடோ எரிச்சலோ இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். செதிலுக்குப் போடும் சாலிசிலிக் களிம்பு யுவிபியைத் தடுக்கும். விளக்கு வைக்கும் முன் அதைப் பூசாதீர்கள்.

கண்ணுக்குப் பக்கவாட்டும் மூடிய யுவி கண்ணாடி வேண்டும், கூலிங் கிளாஸ் போதாது. புற ஊதா பட்ட கண் உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். ஆண்கள் பிறப்புறுப்பை மூடிக்கொள்ள வேண்டும். அறையில் குழந்தைகள் இருக்கக் கூடாது.

கார்போக அரிசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளியல் பொடியிலும் வெண்புள்ளித் தைலங்களிலும் சேரும் இந்த விதையில் சோராலென் இருக்கிறது. வெயிலிலும் இருக்கும் யுவிஏ பட்டால் தோல் எளிதில் வெந்துபோகும்படி அது செய்துவிடும். இந்தச் சூடு இரண்டு மூன்று நாள் கழித்தே உச்சத்துக்கு வரும். மறுநாள் ஒன்றும் இல்லையே என்று இன்னும் கொஞ்சம் வெயில் காட்டுபவர்கள்தான் வெந்துபோகிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் சிலருக்கு, தோலைப் பழுப்பாக்க அங்கே படுத்துக்கொள்ளும் புற ஊதா விளக்குப் படுக்கையான டேனிங் படுக்கையும் இதே ஒளிதானே என்ற எண்ணம் உண்டு. அது பெரும்பாலும் யுவிஏ, யுவிபி சில சதவீதம்தான். ஐரோப்பியத் தர வரம்பான சதுர மீட்டருக்கு 0.3 வாட் என்பது, வெயிலில் புற ஊதாவின் கடுமையைச் சொல்லும் யுவி குறியீட்டில் 12-க்குச் சமம். அதாவது வெப்பமண்டல உச்சிவெயில். சோராலென் மாத்திரை போட்டுக்கொண்டு அதில் படுத்து உயிரை விட்டவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இல் அந்தப் படுக்கைகளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. பிரேசில் அதே ஆண்டு தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் 2016-க்குள் வணிகக் கூடங்கள் எல்லாம் மூடப்பட்டன. பிரிட்டனில் 18 வயதுக்குக் கீழானவர்களை அனுமதிப்பதில்லை.

வெயில் பட்டால் மோசமாகும் லூபஸ் என்ற நோய் உள்ளவர்களும் தோல் புற்றுநோய் வந்தவர்களும் வீட்டு விளக்கைத் தொடவே கூடாது. டாக்ஸிசைக்ளின், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்று தோலை ஒளிக்கு எளிதில் பாதிக்க வைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். விற்பவர்கள் குழாயின் எண்ணையும், எந்தத் தூரத்தில் எத்தனை மில்லிவாட் என்பதையும் பெட்டியின் மேலேயே தமிழில் அச்சிட வேண்டும். இது பெரிய செலவு பிடிக்கிற வேலை இல்லை.

இப்படிக்கு,
தோல் ஒளி சிகிச்சைப் பணியாளர்கள்,
திருச்சி