இரண்டு ஊசி போட்ட பிறகும்

பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ இருமிக்கொண்டே பேசினாய், அதனால் சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை. முடியும்போது இதைப் படி.

"கொரோனாவுக்கு ரெண்டு ஊசியும் போட்டேனே, எனக்கு ஏம்மா வந்துச்சு?" என்று கேட்டாய். தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இத்தனை வருஷம் கிராமம் கிராமமாக நடந்தவள் நான், ஊசி போட்ட பிள்ளைக்குத் தட்டம்மை வந்துவிட்டது என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. அப்போது சொன்னதைத்தான் உனக்கும் சொல்கிறேன், வந்ததா என்று மட்டும் பார்க்காதே, வந்தது என்ன செய்தது என்று பார்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தங்கள் ஊழியர்களையே வைத்து ஒரு கணக்கு எடுத்தார்கள். இரண்டு டோஸும் போட்ட 7080 பேரில் 679 பேருக்குத் தொற்று. பத்தில் ஒருவர் என்றே வைத்துக்கொள், டெல்டா என்ற உருமாறிய கொரோனா ஆடிய ஆட்டத்தில் வார்டிலேயே நின்றவர்கள் ஆயிற்றே. அதில் அட்மிட் ஆனவர்கள் 64 பேர். ஊசியே போடாத ஊழியர்களிலும் அட்மிட் ஆனது அதே 64 பேர்தான்! உன் பெரியப்பா இதைப் பார்த்தால் "ரெண்டும் ஒண்ணுதானே" என்று ஊசி போடாமலே இருந்துவிடுவார். ஆனால் போடாதவர்கள் மொத்தமே 1609 பேர், அதில் 64 என்றால் நூற்றுக்கு நான்கு பேர், 7080-இல் 64 என்றால் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஐ.சி.யூ.வுக்குப் போனவர்கள் ஊசி போடாதவர்களில் 8 பேர், இரண்டு டோஸ் போட்ட 7080 பேரில் 2 பேர். ஊசி போட்டவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை.

அதனால் ஊசி வீண் என்று நினைக்காதே. அதே சமயம், லேசாகத்தான் வந்திருக்கிறது, வார்டில் ஆள் இல்லை என்று சீக்கிரமே டூட்டிக்குக் கிளம்பாதே. இஸ்ரேலில் ஷெபா மருத்துவமனையில் இப்படி ஊசிக்குப் பிறகு தொற்று வந்த ஊழியர்களைப் பார்த்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஆறு வாரம் கழித்தும் ஏதாவது ஒரு தொந்தரவு இருந்ததாம். உன் சூப்பர்வைசரிடம் நான் பேசட்டுமா என்றால் கோபப்படுவாய், சரி, நீயே பேசிக்கொள். விரலில் மாட்டும் அந்தக் கருவியில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே காட்டினால் மட்டும் எனக்காகக் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடு.

அப்புறம் இருமல் நின்றதும் பெரியப்பாவுக்கு ஒரு போன் போடு. ஊரெல்லாம் உன்னைக் காட்டித்தான் "பாரு, நர்ஸுக்கே வந்துடுச்சு" என்கிறார். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். அந்த 64 கணக்கிலிருந்து ஆரம்பி.

அம்மா