செல்விக்கு, நாய் வாங்கும் முன்

கோவில்பட்டி,
16-11-2025

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி கொஞ்சம் தேவலை என்று எழுதியிருந்ததில் நிம்மதி. இங்கே நாங்கள் சுகம். அத்தைக்குக் காதுதான் இன்னும் மந்தமாகிவிட்டது, வாய் அப்படியே இருக்கிறது.

உன் பேரன் ஹஸ்கி நாய் கேட்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிடுகிறான், நீதான் நாய் வளர்க்கிறவள், நல்லது கெட்டது சொல் என்று கேட்டிருந்தாய். ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம். வீட்டில் இரண்டை வைத்துக்கொண்டு எனக்கு மட்டும் வேண்டாம் என்கிறாயாக்கும் என்று நீ சண்டைக்கு வருவாய். அதனால் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

எங்கள் ராசு சிப்பிப்பாறை. வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தது. பொம்மி தெருவில் பிறந்து எங்கள் வாசல் தார்சாவில் தானாகக் குடியேறியவள். சிப்பிப்பாறை வேட்டைக்கென்று வளர்த்த இனம். வயிறு முதுகோடு ஒட்டித்தான் இருக்கும், விலா எலும்பு இரண்டு மூன்று வெளியே தெரிந்தால்தான் உடம்பு சரியாக இருக்கிறதென்று கணக்கு. இதை ஊருக்கு யார் சொல்வது? சிலிண்டர் போட வருகிற தம்பியிலிருந்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “சோறே போடுறதில்லையா டீச்சர்?” கீரைக்கார ஆச்சி ஒருநாள் தன் தூக்குவாளியைத் திறந்து பழைய சோற்றில் பாதியை அவனுக்கு வைத்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். அவன் அதற்குச் சற்று முன்புதான் முட்டையும் ஈரலும் தின்று முடித்திருந்தான். ஆச்சி வரும் நேரம் தெரிந்து வாசலில் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காருகிறான் களவாணி. இப்போது ஆச்சி கீரை விலையை எனக்கு மட்டும் ஏற்றிச் சொல்கிறாளோ என்று ஒரு சந்தேகம்.

ரிட்டயர் ஆனால் ஏழு மணி வரை தூங்கலாம் என்று நாம் இருவரும் ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வோமே, ஞாபகம் இருக்கிறதா? அது உனக்கு வாய்த்தது. எனக்கு ஐந்தரைக்கு உள்ளங்காலில் ஈர மூக்கு. ராசுவை நடக்கக் கூட்டிப்போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தார் ரோட்டில் அவன் கால் பொசுங்கும். அதனால் சித்திரை, வைகாசியில் இன்னும் முன்னதாகவே கிளம்ப வேண்டும். காலையில் வீட்டுக்காரர், சாயங்காலம் நான் என்று ஏற்பாடு. அடைமழை பெய்தால் அந்த ஏற்பாடும் கெடும். ராசுவுக்கு மயிர் குட்டை, தோல் மெலிசு, மழை ஆகவே ஆகாது. வாசற்படியில் நின்று முன்னங்காலில் ஒன்றை வெளியே வைப்பான், நனைந்ததும் தூக்கிக்கொள்வான், என்னைத் திரும்பிப் பார்ப்பான். மழைக்கு நான்தான் பொறுப்பு என்ற பார்வை. குடையைப் பிடித்துக்கொண்டு முருங்கை மரத்தடி வரை அவனோடு போய் நிற்க வேண்டும். குடை அவனுக்கு, நனைவது நான். எதிர்வீட்டு மாடியில் அதைப் பார்க்கவென்றே இரண்டு பேர் நிற்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயம் சொல்கிறேன். முன்னெல்லாம் கம்பங்கூழும் மோரும் ஊற்றித்தான் இந்த நாய்களை வளர்த்தார்கள், முயல் கிடைத்தால் அதன் பங்கு அதற்கு. இப்போது கறிக்கடைக்கும் எங்களுக்கும் மாதக் கணக்கு. நம் குழம்பில் மிஞ்சியதை ஊற்றிவிடலாம் என்று நினைக்காதே. வெங்காயம், பூண்டு நாய்க்கு ஆகாது. சாக்லேட், திராட்சை இரண்டும் விஷம். வேகவைத்த கோழி எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். ஆகவே தனிச்சட்டி, தனிச் சமையல். இதில் புரட்டாசி மாதம் பெரிய கூத்து. வீடு முழுக்க சைவம், பெருமாளுக்குத் தளிகை, பின்கட்டில் மட்டும் ஈரல் வேகும். அத்தை மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, “அதுக்கு என்ன பாவம் தெரியும், போடு போடு” என்று அவளே அடுப்பைப் பெரிதாக எரியவிடுவாள்.

ஆடியில் ராசு ஒருநாள் முட்டைக்கு எழுந்து வரவில்லை. இதை நீ குறித்துக்கொள், எந்த நாய் வாங்கினாலும் உதவும். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும். நல்ல நாய்க்கு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் ஓரிரு நொடியில் சிவப்பு திரும்பிவிடும். ராசுவுக்கு ஈறே சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் கழிச்சல் கண்ட ஆடுகள், சினை பிடிக்காத ஒரு மாடு, ஒயர்கூடையில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு சண்டைச் சேவல். நிற்கவே முடியாத ராசு அந்தச் சேவலைப் பார்த்து வாலை மெல்ல அசைத்தான் பார், அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு பாதாளத்துக்குப் போயிருந்தது. உண்ணிக் காய்ச்சல். 28 நாள் டாக்சிசைக்ளின்.

மாத்திரை கொடுப்பது தனிப் போராட்டம். ஈரலுக்குள் வைத்தால் ஈரலைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துடைத்துவைத்த மாதிரி கீழே துப்புவான். கடைசியில் வாழைப்பழத்தில் ஏமாந்தான். உண்ணி நாய்மேல் மட்டும் இருப்பதில்லை செல்வி, அதுதான் தொல்லை. ரத்தம் குடித்த உண்ணி கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவுச் சட்டத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை எத்தனை முறை குளிப்பாட்டினாலும் சுவரிலிருந்து மறுபடி ஏறும். கொத்தனாரைக் கூப்பிட்டு வெடிப்பையெல்லாம் பூசிய பிறகுதான் அடங்கியது. இப்போதும் ராத்திரி டிவி பார்க்கும்போது என் கை தானாக அவன் விரலிடுக்கிலும் காது மடலுக்குள்ளும் தடவிக்கொண்டே இருக்கும். சீரியலில் யார் யாரைக் கெடுத்தார்கள் என்பது அரைகுறைதான்.

தீபாவளி பற்றிக் கேட்டிருந்தாய். எங்கள் வீட்டுத் தீபாவளி குளியலறையில் நடந்தது. முதல் சரவெடிக்கே ராசு உள்ளே போய் வாளிக்குப் பின்னால் ஒடுங்கிவிட்டான், உடம்பெல்லாம் உதறல். வீட்டுக்காரர் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ரேடியோவைச் சத்தமாக வைத்து, தீபாவளி மலரை அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்தார். அதிரசத்தையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். பொம்மி முதல் நாளே எங்கோ ஓடிப்போய் மறுநாள் சாயங்காலம்தான் தலைகாட்டினாள்.

உன் மகள் வீட்டுக் காதுகுத்துக்கு நான் வராததும் இந்த நாய்களால்தான். நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து ஊருக்குப் போவது என்பது எங்கள் வீட்டில் வழக்கொழிந்துவிட்டது. ரயிலில் கூட்டிவர வேண்டுமென்றால் முதல் வகுப்பு ஏசியில் கூப்பே என்கிற தனி அறை முழுவதையும் நாமே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரயில் கார்டின் வண்டியில் உள்ள நாய்ப் பெட்டியில் அடைக்க வேண்டும். முன்னது கட்டுபடியாகாது, பின்னது மனசு வராது.

தெருவில் ஒரு சண்டையும் நடந்தது. இரண்டு வீடு தள்ளி இருக்கிற சின்னப் பையனை எங்கிருந்தோ வந்த நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. தெருவே பொம்மியைப் பார்த்தது. அவளுக்குக் கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியில் வெட்டியிருக்கிறது, வருஷா வருஷம் ரேபிஸ் ஊசியும் போடுகிறோம். கடித்தது அவள் இல்லை என்று பையனே சொன்ன பிறகும் சிலருக்குச் சமாதானமாகவில்லை. அவன் பாட்டி மிளகாய்ப்பொடியோடு ஓடிவந்தாள், காயத்தில் அப்ப. நான் கையைத் தட்டிவிட்டு, பையனைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் சோப்புப் போட்டு 15 நிமிஷம் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவினேன். அப்புறம் அரசு மருத்துவமனையில் ஊசி. கடிபட்ட நாள், 3, 7, 28 என்று நான்கு தடவை, காசு கிடையாது. பாட்டி இன்னும் என்னோடு பேசுவதில்லை.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னதும், அதே மாதத்தில் கருத்தடையும் ஊசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநாயையும் மூர்க்கமான நாயையும் மட்டும் விடக் கூடாது என்று மாற்றியதும், நவம்பரில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டில் இருப்பதை அகற்றச் சொன்னதும் இங்கே டீக்கடை வரை பேச்சு. கடிபட்ட பிள்ளையின் அம்மா முன்னால் நின்று ஜீவகாருண்யம் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அடித்து விரட்டு என்று கத்துகிறவரும் சரி, ராத்திரி பிஸ்கட் போட்டு போட்டோ எடுக்கிறவரும் சரி, நாயைப் பிடித்து ஊசி போட ஒரு கை கொடுங்கள் என்றால் இரண்டு பேரையும் காணோம். நானும் இவரும் பக்கத்துத் தெரு மெக்கானிக் பையனும்தான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

இவ்வளவு சொல்கிறாயே, பிறகு எதற்கு வளர்க்கிறாய் என்பாய். அறுவடை முடிந்த கரிசல் காட்டில் ராசுவை அவிழ்த்துவிட்டால் நீ பார்க்க வேண்டும். உடம்பை மடக்கி, நீட்டி, நாலு காலும் தரையில் படாமல் ஒரு கணம் அந்தரத்தில் நிற்பான். மயில்கள் அலறிக்கொண்டு எழும்பும். ஒன்றைக்கூடப் பிடித்ததில்லை, பிடிக்கவும் விடமாட்டோம். நாக்கைத் தொங்கவிட்டு, காதெல்லாம் ஒட்டுப்புல்லோடு திரும்பி வருவான். வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாக எடுத்தபடி அவனோடு பேசுவார். என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன்! “உங்க அம்மா காபியில சர்க்கரையைக் குறைச்சுட்டாடா, கேட்டா சுகர்ங்கா.” என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொல்வது. பேங்க் மேனேஜராக இருந்தவரை இப்போது தெருப் பிள்ளைகள் ‘ராசு அப்பா’ என்கின்றன. அவருக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

சரி, ஹஸ்கிக்கு வருகிறேன். சைபீரியப் பனியில் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த நாய் ஏட்டி அது! இரட்டைக் கம்பளி மயிர். நாய்க்கு உள்ளங்காலைத் தவிர வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். உங்கள் சென்னைப் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது. மே மாதம் கரண்ட் போனால் அதன் கதி என்ன? நாள் முழுக்க ஏசி, பில்லை நீ கட்டு. மயிர் கொட்டுவது தனி, ஊளை தனி. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரனுக்கு ட்யூஷன். அப்படியானால் நாயோடு நடக்கப்போவது யார்? பாரம் இழுப்பதற்கென்றே பிறந்த நாய் ஒரு முனையில், உன் மூட்டு மறுமுனையில். இதை உன் மகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டு.

உங்கள் அடுக்குமாடி அசோசியேஷன் நாயே கூடாது என்று தீர்மானம் போடப் போவதாக எழுதியிருந்தாய். அதற்குப் பயப்படாதே. பெரும்பான்மை ஓட்டு போட்டாலும் அப்படித் தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்லக் கூடாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே எழுதியிருக்கிறது. ஆனால் மாநகராட்சி உரிமம் கட்டாயம் எடுத்துவிடு. இல்லாவிட்டால் 5000 ரூபாய் அபராதமாமே.

நாய்தான் வேண்டும் என்றால் நம் பக்கத்து நாயை யோசி. அண்ணன் ஸ்டாம்ப் சேர்ப்பாரே, 2005-இல் வந்த நாய் ஸ்டாம்ப்கள் நாலையும் எடுத்துப் பேரனிடம் காட்டச் சொல். முதோல், ராம்பூர், இமாலய நாய் மூன்றுக்கும் 5 ரூபாய், நம் ராஜபாளையத்துக்கு மட்டும் 15. ஹஸ்கி கேட்கிறவனுக்கு அது போதாதுதான், இருந்தாலும் காட்டு. ராஜபாளையம் வாங்கினால் ஒன்று பார்த்துக்கொள். வெள்ளைக் குட்டிகளில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால் வேட்டை நாய்க்கும் உன் மூன்றாவது மாடிக்கும் பொருந்தாது. ஓட இடம் வேண்டும். பொம்மி மாதிரி ஒரு தெருக்குட்டிதான் உங்களுக்குச் சரி. வெயில் தாங்கும், நீ நடக்கிற வேகத்துக்கு நடக்கும்.

அதற்கும் முன்னால் ஒன்று செய். அரையாண்டு லீவுக்குப் பேரனை இங்கே கூட்டிக்கொண்டு வா. காலை ஐந்தரை ராசு அவன் பொறுப்பு. கூட்டிப்போவது, கழிவை அள்ளுவது, ஒட்டுப்புல் எடுப்பது, பின்கட்டில் ஈரல் வேகவைப்பது எல்லாம் அவன்தான். இவர் பக்கத்தில் நிற்பார், கை வைக்கமாட்டார். லீவு முடிந்து போகும்போதும் நாய் கேட்டான் என்றால் குட்டி தேடித் தர வேண்டியது என் வேலை.

நெல்லை எக்ஸ்பிரஸோ முத்துநகர் எக்ஸ்பிரஸோ, எதில் இடம் இருக்கிறதோ இப்போதே போட்டுவிடு, பொங்கல் கூட்டம் ஆரம்பித்துவிட்டால் கிடைக்காது. கீழ் பெர்த் கேட்டு வாங்கு. பழைய பெட்ஷீட் ஏதாவது தூக்கிப்போட வைத்திருந்தால் எடுத்து வா, இங்கே இருந்ததையெல்லாம் பொம்மி கிழித்தாயிற்று. அண்ணனுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
வேணி