மஞ்சள் இறங்கினால் கல்லீரல் தேறிவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு மருத்துவமனையில் ஆண்கள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குடியால் கல்லீரல் கெட்டு வந்தவர்களின் வீட்டில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “போன வருஷமே காமாலை வந்துச்சு சிஸ்டர். கீழாநெல்லி குடுத்தோம், இறங்கிடுச்சு.” கண் வெளுத்ததும் அவர் மறுபடி கடைக்குப் போயிருப்பார்.

கண்ணில் மஞ்சள் இறங்குவது வேறு, கல்லீரல் தேறுவது வேறு. மதுவைக் கல்லீரல் உடைக்கும்போது அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு உண்டாகிறது. முதலில் கொழுப்பு படியும். அப்போதே குடியை விட்டால் சில வாரங்களில் சரியாகிவிடும். விடாவிட்டால் செல்கள் செத்து, அங்கே நார்நாராகத் தழும்பு விழும். தழும்பு பரவி ஈரலே இறுகிப்போவதுதான் சிரோசிஸ். அதுவரை பலருக்கு வலிகூட இருக்காது. “தினம் ஒரு குவார்ட்டர்தானே” என்பார்கள். அந்த 180 மில்லியில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இதில் பாதி குடித்தாலே ஆபத்து கூடும். பெண்களுக்கு இன்னும் குறைந்த அளவே போதும்.

சிரோசிஸ் முற்றி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குக் காலையில் தொப்புளுக்கு நேராக டேப் வைத்துச் சுற்றளவு குறிப்போம். கை, கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் பளபளவென்று புடைத்திருக்கும். ஊசி வழியாக ஐந்து லிட்டர் இறக்கினால் அன்று நிம்மதியாக மூச்சு விடுவார். சில நாளில் மறுபடி நிறைந்துவிடும். உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வெடித்து வாந்தியெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்ட கல்லீரல் வெளியேற்றாமல் விட்ட நஞ்சு மூளைக்கு ஏறி, பெற்ற மகளையே “யாரும்மா நீ?” என்று கேட்டவரையும் பார்த்தேன்.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் பிபி, சுகர் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். குடிப்பழக்கத்தையும் அவர்கள் தவறாமல் விசாரித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதிகளின் அளவு, ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை, வயது இவற்றை வைத்துப் போடும் ஃபிப்-4 கணக்கு, யாருக்குத் தழும்பு விழுந்திருக்கலாம் என்று காட்டிக்கொடுக்கும். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வயிறு வீங்கிய பிறகு ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதை இதனால் எவ்வளவோ குறைக்கலாம்.

வீட்டுப் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் கூட்டிப்போய் நிறுத்த வையுங்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் பொடிகளை வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல்.