இளைத்த பிறகு என்னைத் தாங்கியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது பூவும் பழமுமாக வந்து பார்த்த எல்லாருக்கும் நன்றி. இந்த மடல் முக்கியமாக அதற்குப் பிந்திய காலத்தில் துணை நின்றவர்களுக்கு. உடம்பு இளைக்க இளைக்க, மனசு சுருண்டு கிடந்த காலம் அது.

சிங்கப்பூர்த் தேக்காவில் எதிர்ப்படுகிறவர்கள் "அடடா, ஆளே மாறிட்டியே!" என்பார்கள். கேட்டதும் அழுகை முட்டும். காசு கொடுத்து இளைத்தவளுக்கு என்ன குறை என்றும் சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு நன்றி கிடையாது.

மனநல ஆலோசகர் அவர்களே, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுக்கும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் சுரக்கும் பகுதியும் போய்விடுகிறது, ஆனால் கவலை வந்தால் பரோட்டாவைத் தேடும் மனசை எந்தக் கத்தியும் தொடுவதில்லை என்று விளக்கினீர்கள். சாப்பாடு என்ற ஆறுதல் பறிபோனபின் சிலர் குடியில் விழுவதும் உண்டு, இந்தச் சிகிச்சைக்குப் பிறகு மது சீக்கிரம் தலைக்கேறும் என்றும் எச்சரித்தீர்கள். அன்றே என் கணவர் வீட்டிலிருந்த பாட்டில்களை அப்புறப்படுத்தினார். அவருக்கும் நன்றி.

சோர்வெல்லாம் மனசால்தான் என்று விட்டுவிடாமல் வைட்டமின் பி12 அளவைப் பரிசோதித்த மருத்துவருக்கும், நான் கண்கலங்கி நின்றபோது "எடை அப்புறம் பார்க்கலாம், முதல்ல உட்காருங்க" என்ற தாதிக்கும் நன்றி. நடுராத்திரியில், மனம் உடைந்தவர்களுக்குச் சிங்கப்பூரில் உள்ள உதவி எண் 1767-ஐ அழைத்தேன். பேசியவர் பெயர் தெரியாது. அவசரப்படுத்தாமல் கேட்டார். அந்த எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை, தீபாவளியன்று சொந்தபந்தம் "இன்னும் ஒண்ணு வை" என்று சூழ்ந்துகொண்டபோது, சின்னத் தட்டில் அரை இட்லியை வைத்து நகர்த்தினீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் மென்று முடிக்கும்வரை நீங்களும் மெதுவாகவே சாப்பிட்டீர்கள். பந்தியில் ஒருவரும் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

ஈசூன் காப்பிக் கடையில் சந்திக்கும் அக்கா, சட்டைக் கையை மேலேற்றித் தொங்கும் தோலைக் காட்டி "நானும் இதைப் பார்த்து அழுதவதான்" என்றீர்களே, அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்த சந்திப்புக்கு ஒரு தங்கச்சியை அழைத்து வருகிறேன். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று, மனநல ஆலோசனை எதற்கு என்று கேட்கிறாள். நீங்களே சொல்லுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் ஈசூன் தோழி